யாருக்கும் யாருக்கும் சண்டை? மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் உள்நாட்டுப் போர்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் என்று செய்தி வந்தால் நாம் முதலில் கேட்பது, "யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்றுதான். பல நாடுகளுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லிப் பதிலை முடித்துவிடலாம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கு அது நடக்காது. 2019இல் அந்த நாட்டு அரசோடு ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஆயுதக் குழுக்கள் மட்டும் 14. அவற்றில் சில அதுவரை ஒன்றையொன்று வெட்டிக் கொன்றுகொண்டிருந்தவை. கையெழுத்துப் போட்டவற்றில் ஆறு குழுக்கள் அடுத்த வருடமே கூட்டணி சேர்ந்து தலைநகரை நோக்கிப் படையோடு கிளம்பின.

பெயர்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தால் தலை சுற்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, வேறு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நாட்டில் துப்பாக்கி எடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது? எடுக்காதவருக்கு என்ன கிடைக்காமல் போகிறது? இந்தக் கேள்வியோடு போனால் குழப்பம் மெல்ல விலகும்.

முதலில் இடம். ஆப்பிரிக்காவின் நடுவில், எந்தப் பக்கமும் கடல் இல்லாத நாடு. வடக்கே சாட், கிழக்கே சூடானும் தெற்கு சூடானும், தெற்கே இரண்டு காங்கோக்கள், மேற்கே காமரூன். பரப்பு சுமார் 6,23,000 சதுர கிலோமீட்டர். பிரான்ஸை விடப் பெரியது. மக்களோ ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல். தலைநகர் பாங்கி, உபாங்கி ஆற்றங்கரையில், நாட்டின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் சோங்கோ ஊர். வடகிழக்கு மூலையில் இருக்கும் பிராவ் என்ற ஊருக்குப் பாங்கியிலிருந்து சாலை வழியாகப் போனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் அந்தச் சாலை பல மாதங்கள் இல்லாமலே போய்விடும். பிராவ்காரர்களுக்குப் பாங்கியை விடச் சூடான் சந்தைதான் பக்கம். உப்பும் சர்க்கரையும் துணியும் அங்கிருந்துதான் வரும். பலர் பேசுவது அரபி. நாட்டை ஒன்றாகக் கட்டும் மொழி என்று சொல்லப்படும் சாங்கோ அங்கே அவ்வளவாகப் புழங்காது.

இந்த தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

அரசு எங்கே இருக்கிறது?

பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இந்த மண் ஆள் பிடிப்பவர்களிடம் அகப்பட்டுச் சீரழிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கே என்டெலே நகரைத் தலைநகராகக் கொண்ட தார் அல்-குட்டி சுல்தான் அல்-செனூசியின் படைகள் சுற்றியுள்ள ஊர்களைச் சூறையாடி மக்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போயின. கிழக்குப் பகுதி இன்றுவரை ஆளரவமே இல்லாமல் கிடப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். 1911இல் பிரெஞ்சுக்காரர்கள் அல்-செனூசியைக் கொன்றார்கள். ஆனால் "வடக்கிலிருந்து குதிரையில் வருபவன் ஆள் பிடிக்க வருகிறான்" என்ற பயம் தெற்கில் சாகவில்லை. நூறு வருடம் கழித்து அது மறுபடி எழுந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பிரெஞ்சு ஆட்சி உபாங்கி-ஷாரி என்று பெயர் வைத்த இந்த நிலத்தைத் தானே நிர்வாகம் செய்யவில்லை. 1899 முதல் தனியார் கம்பெனிகளுக்குப் பகுதி பகுதியாகக் குத்தகைக்குக் கொடுத்தது. கம்பெனிக்கு வேண்டியது ரப்பரும் தந்தமும். ஆண்கள் காட்டுக்குப் போய் ரப்பர் கொண்டுவரும் வரை அவர்களுடைய மனைவி மக்களைப் பிணையாகப் பிடித்து அடைத்து வைப்பார்கள். 1904இல் மொங்கும்பா பகுதியிலிருந்து அப்படிப் பிடித்து பாங்கியில் ஒரு குடிசைக்குள் அடைக்கப்பட்டவர்களில் 45 பெண்களும் 2 குழந்தைகளும் செத்துப்போனார்கள். இதைப் படித்துவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போக என்னால் முடியவில்லை. அந்த மக்கள் "அரசாங்கம்" என்று முதன்முதலில் கண்டது இதைத்தான்: ஆயுதத்தோடு வருவது, எடுத்துக்கொண்டு போவது, திருப்பி எதுவும் தராதது.

1928இல் மேற்குப் பகுதியில் க்பாயா மக்கள் கார்னூ என்ற பெரியவரைப் பின்பற்றி எழுந்தார்கள். கொங்கோ-வாரா, அதாவது மண்வெட்டிக் காம்புப் போர், என்று அதற்குப் பெயர். மந்திரம் ஏற்றிய சின்னக் காம்பு குண்டிலிருந்து காக்கும் என்று நம்பினார்கள். அதே வருடம் டிசம்பரில் கார்னூ கொல்லப்பட்டார். கிளர்ச்சி 1931 வரை நீடித்து ஒடுக்கப்பட்டது. நாட்டின் பெரும் கிளர்ச்சிகளில் இதுவும் ஒன்று.

விடுதலைக்கு வழிகாட்டியவர் பார்த்தெலெமி பொகாண்டா. கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்து அரசியலுக்கு வந்தவர். "சோ க்வே சோ" என்ற சாங்கோ வாக்கியத்தை நாட்டுக்குக் கொடுத்தவர். "எல்லா மனிதரும் மனிதரே" என்று பொருள். 1959 மார்ச் 29 அன்று விமான விபத்தில் அவர் இறந்தார். அடுத்த வருடம் ஆகஸ்ட் 13 அன்று நாடு விடுதலை பெற்றபோது அவர் இல்லை. அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கம் அந்த நாட்டு மக்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது.

கலகம், கவிழ்ப்பு, கிளர்ச்சி: ஒரே மனிதரின் வாழ்க்கையில்

இங்கே மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் நல்லது. சிப்பாய்கள் சம்பளம், மேலதிகாரி போன்ற குறைகளுக்காக முகாமுக்குள் துப்பாக்கி தூக்கினால் அது கலகம். தலைநகரில் இருக்கும் ராணுவத்தின் ஒரு பகுதி ஒரே இரவில் நாற்காலியைப் பிடுங்கினால் அது ஆட்சிக்கவிழ்ப்பு. ராணுவத்துக்கு வெளியே, தலைநகரிலிருந்து விலகி, ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு அரசோடு நீண்ட நாள் மோதினால் அது கிளர்ச்சி. கிளர்ச்சியும் அதை ஒடுக்குவதும் பெருகி நாட்டு மக்களையே இழுத்துக்கொள்ளும்போது உள்நாட்டுப் போர் என்கிறோம்.

இந்த மூன்றையும் ஒரே மனிதர் வாழ்க்கையில் பார்க்கலாம். அவர் பெயர் பிரான்சுவா பொசிசே.

டாவிட் டாக்கோ என்ற முதல் ஜனாதிபதியை 1965இன் கடைசி இரவில் கவிழ்த்து ஆட்சிக்கு வந்தவர் ராணுவத் தளபதி ழான்-பெடல் பொக்காசா. 1977 டிசம்பரில் தனக்குத் தானே பேரரசராக முடிசூட்டிக்கொண்டாரே, அவர்தான். பொசிசே அவர் காலத்திலேயே இளம் வயதில் ஜெனரல் ஆனவர். 1979இல் பள்ளிப் பிள்ளைகள் சீருடை விவகாரத்தில் போராடியபோது பலர் சிறையில் கொல்லப்பட்டார்கள். அதன்பின் பிரான்ஸ் தன் படையை அனுப்பிப் பொக்காசாவை இறக்கி டாக்கோவை மறுபடி உட்கார வைத்தது. இரண்டு வருடத்தில் ஜெனரல் ஆந்திரே கொலிங்பா டாக்கோவை இறக்கினார். 1982இல் கொலிங்பாவைக் கவிழ்க்க அரசியல்வாதி ஆஞ்ச்-பெலிக்ஸ் பத்தாசேயும் பொசிசேயும் சேர்ந்து முயன்று தோற்றார்கள். பொசிசே வெளிநாட்டுக்கு ஓடினார், 1989இல் பெனின் நாட்டில் பிடிபட்டார், சிறையில் இருந்தார், விடுதலையானார்.

1993இல் தேர்தல் வந்தது. பத்தாசே ஜெயித்தார். கொலிங்பா தன் ஆட்சிக்காலத்தில் ராணுவத்தைத் தன் யகோமா இனத்தவரால் நிரப்பி வைத்திருந்தார். பத்தாசே அந்த ராணுவத்தை நம்பவில்லை. சம்பளமும் மாதக்கணக்கில் வரவில்லை. 1996இல் மட்டும் மூன்று முறை சிப்பாய்க் கலகம் நடந்தது. அதை அடக்குவதில் அரசுக்குக் கைகொடுத்தவர் நம் பொசிசே. பிறகு ராணுவத் தலைமைத் தளபதியாகவும் ஆனார். 2001இல் கொலிங்பா நடத்திய கவிழ்ப்பு முயற்சி தோற்றது. அந்தச் சமயம் பார்த்து, பொசிசே மீதும் பத்தாசேக்குச் சந்தேகம் வந்து அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். கைது செய்ய ஆள் வந்தபோது பொசிசே தன் ஆட்களோடு சண்டையிட்டுக்கொண்டே வடக்கே போய் சாட் நாட்டுக்குள் நுழைந்தார்.

இதுவரை கலகமும் கவிழ்ப்பும். இனி கிளர்ச்சி.

2002 அக்டோபரில் பொசிசேயின் ஆட்கள் பாங்கியைத் தாக்கினார்கள். பத்தாசே ஆற்றுக்கு அக்கரையிலிருந்து காங்கோக் கிளர்ச்சித் தலைவர் ழான்-பியேர் பெம்பாவின் படையை உதவிக்கு அழைத்தார். ஒரு கிளர்ச்சியை அடக்க இன்னொரு நாட்டின் கிளர்ச்சிப்படை. அவர்கள் பாங்கியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளைச் சூறையாடினார்கள், பெண்களை வன்புணர்ந்தார்கள். 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பெம்பாவைக் குற்றவாளி என்றது. 2018இல் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். பாதிக்கப்பட்ட பெண்கள் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

2003 மார்ச் 15 அன்று, பத்தாசே நைஜர் நாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் சமயம், சாட் நாட்டின் ஆதரவோடு பொசிசே பாங்கியைப் பிடித்தார்.

இந்தத் தேதி முக்கியமானது. தலைநகருக்கு வெளியே படை திரட்டி, பக்கத்து நாட்டின் உதவியோடு வந்து நாற்காலியில் உட்காரலாம் என்று அந்த நாட்டில் முதன்முறையாக நிரூபணம் ஆனது அன்றுதான். உட்கார்ந்த பிறகு, 2005இல் தேர்தல் வைத்து ஜெயித்துச் சட்டப்பூர்வமான ஜனாதிபதியாகவும் ஆகிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர். துப்பாக்கி எடுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குக் கண்ணெதிரே பதில் கிடைத்துவிட்டது.

இரண்டு வடக்குகள்

பொசிசேயை ஆட்சியில் அமர்த்தியவர்களுக்குப் பேசிய பணம் வரவில்லை. சிலர் தலைநகரில் கலாட்டா செய்தார்கள், பலர் ஆயுதத்தோடு வடக்கே திரும்பினார்கள். 2005 வாக்கில் இரண்டு தனித்தனிக் கிளர்ச்சிகள் மூண்டன.

வடமேற்கில், பத்தாசேயின் சொந்தப் பகுதியான பாவுவா சுற்றுவட்டாரத்தில் ஒன்று. அங்கே சாலைக் கொள்ளையர் தொல்லை ஏற்கெனவே அதிகம். சராகினா என்று அவர்களுக்குப் பெயர். மாடு மேய்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளைக் கடத்திப் பணம் கேட்பார்கள். அரசு காப்பாற்ற வராததால் ஊர்க்காரர்கள் நாட்டுத் துப்பாக்கியோடு காவல் படை அமைத்திருந்தார்கள். கிளர்ச்சி இந்தக் காவல் படைகளோடு கலந்தது. அரசு அனுப்பிய ஜனாதிபதியின் மெய்க்காப்புப் படையோ கிளர்ச்சிக்காரரைத் தேடுவதாகச் சொல்லிச் சாலையோரக் கிராமங்களுக்குத் தீ வைத்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. அப்புறம் அங்கே வாழ்ந்தவர்கள் சாலையோரத்து வீட்டைக் கைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே புதருக்குள் குடிசை போட்டுக்கொண்டார்கள். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வருவது யார் என்று நின்று பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று வடகிழக்கில், அந்த பிராவ் மூலையில். அங்கே கோபம் வேறு மாதிரி. "சாலை இல்லை, பள்ளி இல்லை, மருத்துவமனை இல்லை. பாங்கிக்குப் போனால் எங்களை இந்த நாட்டுக்காரனாகவே பார்ப்பதில்லை" என்பது அவர்கள் குறை. உண்மையும் அதுதான். முஸ்லிம் பெயரும் வடக்கத்தி முகமும் இருந்தால் சோதனைச் சாவடியில் "நீ சாட் நாட்டுக்காரன், சூடான்காரன்" என்று பிடித்து வைத்துப் பணம் கறப்பது வழக்கமாக இருந்தது. அந்தக் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவர் மிஷேல் ஜொதோதியா, சோவியத் யூனியனில் படித்தவர், சூடானில் தன் நாட்டுத் தூதரக அதிகாரியாக இருந்தவர். 2006 அக்டோபரில் அவர்களுடைய ஆட்கள் பிராவைப் பிடித்தார்கள். பிரெஞ்சு விமானங்களின் உதவியோடுதான் அரசால் ஊரை மீட்க முடிந்தது.

பிறகு சமாதானம். 2007இல் பிராவில் ஒன்று, 2008இல் காபோன் நாட்டின் லிப்ரவில் நகரில் ஒன்று. கிளர்ச்சிக்காரர் ஆயுதத்தைக் கொடுத்தால் பயிற்சி, பணம், ராணுவத்தில் வேலை. தலைவர்களுக்குப் பதவி. இந்தத் திட்டம் வடமேற்கில் ஓரளவு நடந்தது. வடகிழக்குக்கு வரவே இல்லை. வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே 2008இல் பொசிசே அரசு வைர வியாபாரிகளின் சரக்கைத் திடீரென்று பறிமுதல் செய்தது. அங்கே வைரச் சுரங்கம் என்றால் ஆற்றுப் படுகையில் மண்வெட்டியும் சல்லடையும் வைத்துத் தோண்டுவது. தோண்டுபவருக்குச் சாப்பாட்டுக்கு முன்பணம் கொடுத்துக் கல்லை வாங்கிக்கொள்ளும் வியாபாரிகளில் பலர் முஸ்லிம்கள். ஒரே அடியில் பலர் போண்டியானார்கள். முதலீட்டை இழந்தவர்களில் சிலர் கிளர்ச்சிக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

செலெகா

2012 டிசம்பர் 10. வடகிழக்குக் குழுக்கள் சில ஒன்றாகச் சேர்ந்து ஒரு நகரைப் பிடித்தன. அந்த நகர் என்டெலே. ஆமாம், சுல்தான் அல்-செனூசியின் பழைய தலைநகர். கூட்டணிக்குச் செலெகா என்று பெயர். சாங்கோவில் "கூட்டு" என்று பொருள். சாட், சூடான் எல்லைப் பகுதிக் கூலிப்படையினரும் அதில் இருந்தார்கள். பிரியா, பம்பாரி, சிபுட் என்று நகரங்கள் வரிசையாக விழுந்தன. ஜனவரியில் லிப்ரவிலில் அவசரமாக ஓர் ஒப்பந்தம். மார்ச்சில் அதுவும் முறிந்தது. 2013 மார்ச் 24 அன்று செலெகா பாங்கிக்குள் நுழைந்தது. பொசிசே காமரூனுக்குத் தப்பினார். அவரைக் காக்க வந்திருந்த தென்னாப்பிரிக்க வீரர்கள் 13 பேர் செத்தார்கள். ஜொதோதியா ஜனாதிபதி ஆனார். அந்த நாட்டின் முதல் முஸ்லிம் ஜனாதிபதி அவர். பத்து வருடத்துக்கு முன் பொசிசே காட்டிய அதே வழியில் வந்து, பொசிசேயையே இறக்கினார்.

ஆனால் செலெகாவுக்கு ஒரே தலைமை கிடையாது. நகரைப் பிடித்த பின் ஆள் சேர்ந்து பல மடங்கு பெருகியது. சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வீடு, வண்டி, அலுவலக நாற்காலி, தேவாலயச் சொத்து எல்லாம் போயின. கிராமங்கள் எரிந்தன. முஸ்லிம் வீடுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு மற்ற வீடுகளைக் கொள்ளையடித்ததால், இழந்தவர்கள் கண்ணுக்கு இது மதச் சண்டையாகத் தெரிய ஆரம்பித்தது. வடக்கிலிருந்து ஆள் பிடிக்க வருகிறார்கள் என்ற அந்தப் பழைய பயம் மறுபடி உயிர் பெற்றது இப்போதுதான். செப்டம்பரில் ஜொதோதியா செலெகாவைக் கலைப்பதாக அறிவித்தார். கலைந்தது பெயர் மட்டும்தான். ஆயுதம் அவரவர் கையில்தான் இருந்தது.

எதிர்த்து எழுந்தவர்கள் ஆன்டி-பலாக்கா. கத்திக்கு எதிரானவர்கள் என்று சிலர் பொருள் சொல்வார்கள், ஏகே துப்பாக்கிக் குண்டுக்கு எதிரானவர்கள் என்று சிலர். கழுத்திலும் மார்பிலும் தாயத்து தாயத்தாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள், குண்டு ஏறாது என்ற நம்பிக்கையில். எண்பத்தைந்து வருடத்துக்கு முந்திய மண்வெட்டிக் காம்பு நினைவுக்கு வருகிறது. கிராமத்துக் காவல் படையாக இருந்தவர்களோடு பொசிசேயின் பழைய சிப்பாய்களும் சேர்ந்தார்கள். 2013 டிசம்பர் 5 அன்று பாங்கியைத் தாக்கினார்கள். சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் ஐநா பாதுகாப்பு அவை தலையிட அனுமதி தந்தது. பிரான்ஸ் படை அனுப்பியது.

அப்போது மக்கள் ஓடிய இடங்களில் ஒன்று பாங்கியின் விமான நிலையம். பிரெஞ்சு ராணுவம் அங்கே இருந்ததால் அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். சுமார் ஒரு லட்சம் பேர். ஓடாத பழைய விமானங்களின் இறக்கைக்குக் கீழே நிழல் பார்த்து அடுப்பு மூட்டினார்கள், துணி உலர்த்தினார்கள், பிள்ளை பெற்றார்கள்.

2014 ஜனவரி 10 அன்று ஜொதோதியா பதவி விலகினார். பாங்கி மேயராக இருந்த காத்ரீன் சாம்பா-பான்சா இடைக்கால ஜனாதிபதி ஆனார். செலெகா வடக்கே பின்வாங்கியது. அப்புறம் ஆன்டி-பலாக்காவின் வெறி சாதாரண முஸ்லிம்கள் மீது திரும்பியது. தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்தவர்கள், மாடு மேய்த்தவர்கள், வைரம் வாங்கி விற்றவர்கள். நாட்டின் மேற்குப் பகுதியிலிருந்து அவர்களைக் கிட்டத்தட்ட முழுசாகத் துடைத்துவிட்டார்கள். பெரும்பாலான மசூதிகள் இடிக்கப்பட்டன. லாரி வரிசைகளில் ஏறி சாட்டுக்கும் காமரூனுக்கும் போனார்கள். லாரியிலிருந்து விழுந்தவர்களை அங்கேயே வெட்டிக் கொன்ற சம்பவங்களும் உண்டு. பாங்கியில் மிஞ்சிய முஸ்லிம்கள் பிகே 5 என்ற ஒரே வட்டாரத்துக்குள் அடைந்தார்கள். பிகே என்றால் கிலோமீட்டர் கல். நகர மையத்திலிருந்து ஐந்தாவது கல்.

இது மதப் போரா?

உலகச் செய்திகள் அப்படித்தான் எழுதின: கிறித்தவப் படை, முஸ்லிம் படை. மதத்தின் பெயரால் மக்கள் கொல்லப்பட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மதம்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

செலெகா பல குழுக்களாக உடைந்தது. 2016இல் அவற்றில் எஃப்பிஆர்சி என்ற குழு, ஃபுலானி இனத்தவரான அலி தராசாவின் யுபிசி குழுவோடு மோதியது. இரண்டும் முஸ்லிம்கள் தலைமையில் இருந்தவை. அந்தச் சண்டையில் எஃப்பிஆர்சி துணைக்குச் சேர்த்துக்கொண்டது யாரை? ஆன்டி-பலாக்காக்களை. 2019இல் பிராவ் நகரில் ரூங்கா, காரா என்ற இரண்டு முஸ்லிம் இனத்தவர் குழுக்கள் ஊரே காலியாகும் அளவுக்கு அடித்துக்கொண்டன. 2020 டிசம்பரில் ஆறு ஆயுதக் குழுக்கள் புதிய கூட்டணி அமைத்தன. பழைய செலெகாக்காரர்களும் ஆன்டி-பலாக்காக்களும் ஒரே கூட்டணியில். தலைமைக்கு வந்தவர் பொசிசே, தன்னை இறக்கிய ஆட்களோடு கைகோத்து.

இன்னொரு பக்கம், 2013-14 கொலைகளுக்கு நடுவிலேயே மதத் தலைவர்கள் மூன்று பேர் சேர்ந்தே ஊர் ஊராகப் போனார்கள். பேராயர் தியூடோனே ந்சாபலைங்கா, இமாம் உமர் கோபின் லயாமா, சுவிசேஷ சபைகளின் தலைவர் நிக்கோலா கெரெகோயாமே. இமாமின் உயிருக்கு ஆபத்து வந்தபோது பேராயர் தன் இல்லத்திலேயே மாதக்கணக்கில் அவரைக் குடும்பத்தோடு தங்க வைத்துக்கொண்டார். மேற்கே கார்னோ நகரில் நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் தேவாலய வளாகத்துக்குள் ஒரு வருடத்துக்கும் மேல் உயிர் காத்துக்கொண்டார்கள். 2015 நவம்பரில் போப் பிரான்சிஸ் பாங்கிக்கு வந்து பிகே 5 மசூதிக்குள் போனார். அதுவரை அந்த வட்டாரத்துக்குள் மற்றவர்கள் காலெடுத்து வைக்கவே பயந்துகொண்டிருந்தார்கள்.

கழியும் கயிறும்

அப்படியென்றால் இத்தனை குழுக்களும் எதற்காக நிலைத்து நிற்கின்றன? சாலைக்கு வாருங்கள்.

ஒரு மூங்கில் கழி சாலைக்குக் குறுக்கே கிடக்கிறது, அல்லது ஒரு கயிறு. பக்கத்தில் ஓலை வேய்ந்த சின்னப் பந்தல். அதற்குள் துப்பாக்கியோடு இரண்டு மூன்று பேர். மூட்டை மேல் மூட்டை அடுக்கி, அதற்கும் மேலே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்து நிற்கிறது. ஓட்டுநர் இறங்குகிறார், காகிதம் காட்டுகிறார், பணம் எண்ணிக் கொடுக்கிறார். கழி உயர்கிறது. கொஞ்ச தூரத்தில் அடுத்த கழி. நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இப்படித் தடைகள் இருந்தன. கிளர்ச்சிக் குழுக்களின் பெரிய வருமானம் இதுதான். மாட்டு மந்தை போனால் தலைக்கு இவ்வளவு, சூடானுக்குக் காப்பிக்கொட்டை போனால் மூட்டைக்கு இவ்வளவு, வைரமும் தங்கமும் வாங்க வருபவருக்கு உரிமக் கட்டணம். அரசுச் சிப்பாயும் தன் பகுதியில் இதையேதான் செய்கிறான். கிராமத்தில் மரவள்ளிக் கிழங்கை வீசைக்கணக்கில் விற்கும் ஒரு பெண்ணுக்கு, சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் லாபத்தில் பாதி கழிகளுக்கே போய்விட்டால் அவள் எந்தக் கொடியைப் பார்த்து "என் அரசு" என்று சொல்வாள்?

போர் என்றால் தினமும் குண்டு வெடிப்பது என்றுதான் நினைப்போம். இங்கே பெரும்பாலான நாட்களில் போர் இந்தக் கழியின் உருவில்தான் இருக்கிறது. கழி யார் கையில் என்ற தகராறு வரும்போது ஊர் எரிகிறது.

2014 செப்டம்பரிலிருந்து மினுஸ்கா என்ற ஐநா அமைதிப் படை அங்கே இருக்கிறது. 2016 தேர்தலில் கணிதப் பேராசிரியரான போஸ்தான்-ஆர்க்கான்ஜ் துவாதெரா ஜனாதிபதி ஆனார். 2018இல் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை பயிற்சியாளர்கள் என்ற பெயரில் வந்தது. 2021 ஜனவரி 13 அன்று பொசிசேயின் கூட்டணி பாங்கியின் ஓரம் வரை வந்தபோது, ஐநா படையோடு ருவாண்டா வீரர்களும் வாக்னரும் சேர்ந்து அதைத் துரத்தினார்கள். அதன்பின் பெரிய நகரங்கள் பல அரசின் கைக்குத் திரும்பின. வாக்னர் ஆட்கள் பொதுமக்களைக் கொன்றதாகவும் சித்திரவதை செய்ததாகவும் ஐநா வல்லுநர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். பம்பாரி பக்கத்தில் இருக்கும் என்டாசிமா தங்கச் சுரங்கம் வாக்னரோடு தொடர்புள்ள கம்பெனியிடம் போனது. கம்பெனிக்குக் குத்தகை, கையில் ஆயுதம். 1899 ஞாபகம் வருகிறதா?

பாவுவா அருகே இரண்டு கிராமங்கள்

2019 பிப்ரவரியில் அந்த 14 குழுக்களின் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ஒன்று 3ஆர் என்ற குழு. வடமேற்கில் ஃபுலானி மேய்ப்பர்களைக் காப்பதாகச் சொல்லி 2015இல் உருவானது. அதன் தலைவர் சிதிகி அப்பாஸ். ஒப்பந்தத்துக்குப் பின் மார்ச் மாதம் அவருக்குப் பிரதமர் அலுவலகத்தின் ராணுவ ஆலோசகர் என்று பதவி கொடுத்தார்கள். அதே வருடம் மே மாதம் 3ஆர் ஆட்கள் பாவுவா அருகே கூஞ்சிலி, லெமூனா உள்ளிட்ட கிராமங்களில் ஆண்களைக் கட்டிப்போட்டுச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்கள் நாற்பதுக்கும் மேல்.

துப்பாக்கி எடுத்தவருக்குப் பதவி, எடுக்காதவருக்குப் புதைகுழி என்பதற்கு இதை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை கதை அங்கே முடியவில்லை. கண்டனம் வலுத்ததும் 3ஆர் தன் ஆட்கள் மூன்று பேரை ஒப்படைத்தது. பாங்கியில் உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்து உட்காரும் சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறது. போர்க்குற்றங்களை விசாரிக்கவே 2015இல் சட்டம் இயற்றி உருவாக்கியது. 2022 அக்டோபர் 31 அன்று அது தன் முதல் தீர்ப்பை வழங்கியது. கூஞ்சிலி, லெமூனா வழக்கில்தான். ஒருவருக்கு ஆயுள் தண்டனை, இரண்டு பேருக்கு 20 வருடம். தலைவர் சிதிகி அதற்கு முன் வருடமே இறந்துவிட்டதாக அவருடைய குழு சொல்லியிருந்தது. 2025 ஜூலையில் ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஆன்டி-பலாக்கா தலைவர்களான யெக்காத்தோமுக்கு 15 வருடமும் ங்கைசோனாவுக்கு 12 வருடமும் தண்டனை விதித்தது. பொசிசே மேல் 2024இல் பிடியாணை பிறந்திருக்கிறது. அவர் அதற்கு முன்பே கினி-பிசாவுக்குப் போய்விட்டிருந்தார்.

அதே 2025 ஜூலையில் பாங்கியில் ஒரு விழா நடந்தது. 3ஆர் குழுவும் யுபிசி குழுவும் தங்களைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தன. ஆயுதத்தைக் கொடுப்பவர்களுக்கு என்ன தருவது என்ற பட்டியல் மறுபடி தயாரானது. கூஞ்சிலியிலும் லெமூனாவிலும் கணவனையும் மகனையும் புதைத்தவர்களுக்குத் தர வேண்டிய இழப்பீட்டை நீதிமன்றம் தனியாக விசாரித்து, தனியாக ஒரு தீர்ப்பில் எழுதி வைத்திருக்கிறது.